சும்மா இருக்கும்போது இழுக்கும் கரன்ட்

தம்பி,

நீ கட்டியிருக்கும் கிடார் ஆம்ப் நன்றாகவே பாடுகிறது. 1950களின் கடைசியில் வந்த ஃபெண்டர் சாம்ப் சர்க்யூட். ஒரு 6வி6, ஒரு 12ஏஎக்ஸ்7, ரெக்டிஃபையருக்கு 5ஒய்3. முதல் செட்டுக்கு நல்ல தேர்வு. சால்டரிங்கும் சுத்தம். ஆனால் 6வி6 எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று கேட்டால், "படத்தில் இருக்கிற 470 ஓம்தான் போட்டிருக்கேன் தாத்தா, சவுண்டு சூப்பரா வருதே" என்கிறாய். படம் வரைந்தவருக்கு உன் டிரான்ஸ்ஃபார்மரைத் தெரியாது, உன் வீட்டு லைன் வோல்டேஜும் தெரியாது. சவுண்டு நன்றாக வருவதும் சாட்சி ஆகாது. அளவு மீறிச் சூடாகும் வால்வு, சாகிற நாள் வரைக்கும் இனிமையாகத்தான் பாடும்.

அளந்து பார்த்துவிடு. ஆனால் அதற்கு முன் உன் உயிர். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வை. ஓடும்போது அளப்பதானால் கறுப்பு வயரை முதலிலேயே கிளிப் போட்டு சேஸிஸில் மாட்டிவிடு. இடது கை பாக்கெட்டில் இருக்கட்டும். சிவப்பு முனையை வலது கையால் மட்டும் வை. கரன்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவழியில் இருப்பது நெஞ்சு. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

வேலை பார்த்த செட்டை முதலில் சீரிஸ் லாம்ப் போட்டே எழுப்ப வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட். தேறிய பிறகு பல்பைக் கழற்றிவிட்டு அள. பல்பு பாதி வோல்டேஜைத் தின்றுகொண்டிருக்கும்போது எடுத்த அளவுக்கு அர்த்தமில்லை.

இனி கணக்கு. செட் அணைந்திருக்கும்போதே கேத்தோடு ரெசிஸ்டரை அளந்துகொள். 470 என்று எழுதியிருப்பது 480 ஆகவும் இருக்கும். ஆன் செய்து கால் மணி நேரம் சூடேறவிடு. பிறகு 8-ஆம் பின், கேத்தோடு. அங்கே 21.6 வோல்ட் என்று வைத்துக்கொள். 480-ஆல் வகுத்தால் 45 மில்லி ஆம்பியர். இதில் ஸ்கிரீன் பங்கு மூன்று போனால் பிளேட்டுக்கு 42. பிளேட்டில் சேஸிஸிலிருந்து 350 வோல்ட் காட்டினால் அதை அப்படியே பெருக்காதே. கேத்தோடு வோல்டேஜைக் கழித்தால் வால்வுக்குக் குறுக்கே இருப்பது 328 சொச்சம். பெருக்கினால் கிட்டத்தட்ட 13.8 வாட். பழைய வால்வு புத்தகங்கள் 6வி6 பிளேட்டுக்குக் கொடுத்த வரம்பு 12 வாட்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று. உன் செட்டில் 6வி6 தனியாளாக உழைக்கிறது. கிடாரைச் சுவரில் சாத்திவிட்டு நீ டீ குடிக்கப் போனாலும் ஏறக்குறைய அதே 45 மில்லி ஆம்பியரை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அத்தனையும் அப்போது வெறும் சூடு. எல்லாரும் கேட்பது எத்தனை வாட் சத்தம் என்று. ஆயுசைத் தீர்மானிப்பது ஓய்வில் இழுப்பது. மனிதர்களிடமும் இதையே பார்த்திருக்கிறேன். உழைத்துத் தேய்ந்தவர்கள் குறைவு. தூங்கும்போதும் ஓடுகிற வட்டி, பத்து வருஷமாக மனசில் வளர்க்கிற பகை, எந்நேரமும் கையில் ஒரு போன். இதில் தேய்ந்தவர்களே அதிகம். உனக்குச் சம்பளம் வர ஆரம்பித்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

செட்டுக்கு வருவோம். ரெசிஸ்டரை மாற்றுவதற்கு முன் லைனைப் பார். உன் டிரான்ஸ்ஃபார்மரை 220 டேப்பில் மாட்டியிருக்கிறாய். சுவரில் 240 வந்தால் எல்லாமே ஒன்பது சதவீதம் ஏறும், 6.3 வோல்ட் ஹீட்டர் 6.87 ஆகிவிடும். தாங்கும் எல்லை ஏறத்தாழ அதுதான். 240 டேப் இருந்தால் அதற்கு மாற்று, பாதி நோய் தீரும். 5-ஆம் பின்னையும் மீட்டர் முனையால் தொட்டுப் பார். கிரிட், டிசி பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பாஸிட்டிவ் வோல்டேஜ் தெரிந்தால் முதலில் கப்ளிங் கண்டன்சர் கசிகிறதா என்று பார். அதை விட்டுவிட்டு ரெசிஸ்டரை ஏற்றுவது காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை.

இவ்வளவும் சரியாக இருந்தும் அளவு கூடுதலாக நின்றால் 560 ஓம், 5 வாட் போடு. கரன்ட் ஓம் கணக்குக்கு நேராக இறங்காது. இழுப்பு குறைந்ததும் பிளேட்டுக்குப் போகும் ஹை வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், அதனால் எல்லாவற்றையும் மறுபடி அள. வால்வு மாற்றினாலும் அப்படியே. ஒரே பெட்டியில் வந்த இரண்டு வால்வுகூட ஒரே மாதிரி இழுக்காது. அளவுகளைத் தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதி, கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டு. அடுத்த வருஷம் கேத்தோடு வோல்டேஜ் ஏறியிருந்தால், காது உனக்குச் சொல்லாததை அந்தச் சீட்டு சொல்லும்.

ரெசிஸ்டர் இரண்டு வாங்கு, ஒன்று கைவசம் இருக்கட்டும். வேலை முடிந்ததும் வாசித்துக் காட்ட அவசரப்படாதே. லைன், ஹீட்டர், பிளேட், கேத்தோடு, இந்த நாலு அளவையும் முதலில் சொல்லு.