பலாலிக்கு எவ்வளவு தூரம்?

கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருக்கும் என் தோழியின் அம்மம்மா 1990-இல் படகில் வந்தவங்க. சொந்த ஊர் பலாலி. "பிளேன் விடுகினமாம், எவ்வளவு தூரம் பிள்ளை?" என்று கேட்டாங்க.

அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தேன். சென்னைக்கு நேர் தெற்கே, சுமார் 355 கிலோமீட்டர். நம்ம மரக்காணம் உப்பளத்திலிருந்து 265தான்! மதுரைகூட இதைவிடத் தூரம்.

2019 நவம்பரில் தொடங்கிய விமானம் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் 43 நிமிடம். ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். (நம்ம பஸ் அதுக்குள்ள திண்டிவனம்தான் போகும்!)

"என்ர வளவு ஓடுபாதைக்குக் கிட்டத்தான்" என்றாங்க அம்மம்மா. அவங்ககிட்ட பாஸ்போர்ட் இல்லை. 265 என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி முந்தானையில் முடிஞ்சிக்கிட்டாங்க.