வாசலில் நிற்கும் மடல்கள்

மின்னஞ்சல் என்றதும் மாணவ நண்பர்களுக்கு நினைவில் வருவது கைபேசியில் தோன்றும் சிறு உறைதான். அம்மடலை முதலில் வாங்கி வைக்கும் சர்வர் என்னும் கணினியின் வாசலில் எத்தகைய தள்ளுமுள்ளு நடக்கிறது என்பதைப் பலர் அறியார். சென்ற விடுமுறையில் அதற்குக் காவல் இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

பெரம்பலூரில் என் பெரியப்பா மகன், அரியலூர் லாரி உரிமையாளர்களுக்குக் கணக்கு எழுதித் தரும் சிறு அலுவலகம் நடத்துகிறார். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய வண்டிகளின் வாடகைப் பட்டியல்கள் அங்கே மடலாக வந்து சேரும். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முன்பின் அறியாத கணினிகள் இரவு பகலாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. பதருக்கு நடுவே நெல்மணிபோல் எங்கோ ஓர் உண்மை மடல்!

இத்தொல்லை இன்று நேற்று வந்ததன்று. வேண்டாத செய்தியை வாசலிலேயே மறுக்க வழியில்லாததால் எல்லாவற்றையும் வாங்கிப் படிக்க நேர்கிறது என்று ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் 1975-லேயே எழுதிவைத்தார். 1978 மே 3-ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு கணினி விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். குப்பை மடலின் பிள்ளையார் சுழி அது எனலாம்.

இப்போது மறுக்க வழிகள் உண்டு. வந்தவரைச் சர்வர் முதலில் 220 என்ற எண் சொல்லி வரவேற்கும். அதுவரை வந்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது முறை. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருள் வேண்டுமென்றே 6 வினாடி தாமதிக்கும். குப்பை அனுப்பும் கணினிக்கோ பொறுமை ஏது? இலை போடுமுன் சோற்றுக்குக் கை நீட்டுபவனைப்போல் முந்திக்கொண்டு பேசி அகப்பட்டுக்கொள்ளும். இந்தத் தந்திரத்தை நான் மிகவும் ரசித்தேன்.

அடுத்தது தடைப்பட்டியல். 1998-இல் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் இவற்றைப் பராமரிக்கின்றன. "பட்டியல்ல பேர் இருந்தா உள்ளே விடாதே, அவ்வளவுதான்" என்றார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிருமி புகுந்த வீட்டுக் கணினிகள் உரியவர் அறியாமலே குப்பை அனுப்புவதால், பிராட்பேண்ட் இணைப்புகளின் முகவரிகளைத் தொகுதி தொகுதியாகவே ஒரு பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அரியலூர் வாடிக்கையாளர் ஒருவர் அத்தகைய இணைப்பிலிருந்துதான், தம் சொந்த சர்வர் வழியே, பட்டியல் அனுப்புகிறார். அதை 554 சொல்லித் துரத்தினால் வாரக் கடைசியில் அவருடைய ஓட்டுநர்களின் படிக்காசு நின்றுபோகும். தெருவில் ஒரு வீட்டில் திருடன் இருந்தான் என்பதற்காகத் தெருவையே ஊர்விலக்கம் செய்வது நியாயமா?

ஆகவே அவ்விணைப்புகளுக்கு மட்டும் 450 என்று பதில் சொல்ல ஏற்பாடு செய்தேன். "இப்போது முடியாது, பிறகு வா" என்பது அதன் பொருள். 2003-இல் எவான் ஹாரிஸ் முன்வைத்த முறை இது. ஒழுங்கான சர்வர் பொதுவாக 30 நிமிடமாவது பொறுத்து மீண்டும் வரவேண்டும், 4, 5 நாளாவது முயலவேண்டும் என்பது விதி. குப்பைக்காரர்களில் பலர் திரும்பி வருவதில்லை. சிலர் இதையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது வேறு செய்தி.

மறுநாளே அரியலூரிலிருந்து தொலைபேசி. "தம்பி, அனுப்பி அரைமணி ஆச்சே, வந்துச்சா?" பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் வந்து சேர்ந்தது.

இம்முறையை எல்லோருக்கும் விரித்தால் ஆபத்து. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கணினியிலிருந்து முயல்வதுண்டு. நம் சர்வர் ஒவ்வொன்றையும் புதியவராக எண்ணித் திருப்பிவிடும். பத்து நிமிடமே செல்லும் வங்கிக் கடவுச்சொல் ஒரு மணி கழித்து வந்து என்ன பயன்? அவர்களுக்கு விலக்கு அளித்தோம்.

நிலையான முகவரியில் சர்வர் நடத்துபவர் தம் முகவரியை மட்டும் அப்பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ள ஸ்பாம்ஹாஸ் இடமளிக்கிறது. அரியலூர்க்காரருடையது நிலையான முகவரியே. கல்லூரி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நானும் அண்ணனும் பஸ் ஏறிப்போய், அவர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து அதற்கான விண்ணப்பத்தை அனுப்பினோம்.