துணியில் நிற்கும் பாசி

சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் குளோரெல்லா என்னும் நுண்பாசியைக் கோபால்ட்-60 காமா கதிரில் காட்டி, தேறியதைப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள் என்று படித்தேன். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், நிலக்கரிப் புகையில் 15 சதவீதம் வரை போகும். சாதாரணப் பாசி திணறும் அந்தப் புகையில் இது செழிக்கிறதாம். கதிர் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. நாம் கொறிக்கும் டி.ஏ.ஜி. 24 நிலக்கடலையும் மும்பையின் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் கதிர்பட்ட வித்துகளின் வழி வந்ததுதான். பாசி வளர்ப்பவர்களை நேரில் பார்க்கத் தோன்றியது. நண்பர் ஒருவர் மதுரைக்கு வெளியே உள்ள சுருள்பாசி (ஸ்பைருலினா) தொட்டிகளுக்கு அழைத்துப்போனார்.

ஆழமில்லாத தொட்டிகள், கரும்பச்சைத் தண்ணீர், அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும் பெண்கள். மேற்பார்வையாளர் உப்புகளின் பட்டியலை ஒப்பித்தபோது நோட்டை மூடிவிட்டேன். ஒரு மூட்டை மட்டும் கண்ணை உறுத்தியது: சமையல் சோடா. பாசிக்கு வேண்டிய கரி பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. காற்றைச் சுத்தம் செய்யும் என்று கொண்டாடப்படும் பாசிக்குக் கரியைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்! தூத்துக்குடி ஆலை ஒன்று 2016இல் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா சாம்பல் செய்ய ஆரம்பித்தது. பாசியின் உதவி அதற்குத் தேவைப்படவில்லை.

அறுவடை ஓர் அக்காவின் பொறுப்பு. பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நூற்பாலையை விட்டு வந்தவர். அவருடைய ஆயுதம் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் துணி. பனியனில் படம் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்காரர்கள் வாங்குகிற அதே துணி. தொட்டித் தண்ணீரை அதன்மேல் ஊற்றுகிறார். தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது; தோசை மாவு பதத்தில் பச்சை தங்குகிறது. வழித்து, பிழிந்து, இடியாப்ப உழக்கில் இட்டு வலைத்தட்டில் பிழிகிறார். “விடியுமுன்ன ஆரம்பிக்கணும் சார். அன்னிக்கே காயலைன்னா நாத்தம் வந்துரும்.”

சீனப் பாசியைப் பற்றிச் சொன்னேன்.

“அது நீளமா, உருண்டையா?”

“உருண்டை. ரொம்பப் பொடிசு.”

“அப்ப துணியில நிக்காதே.”

நிற்காதுதான். சுருள்பாசி சுருண்ட இழை. துணி அதைப் பிடித்துக்கொள்ளும். குளோரெல்லா சில மைக்ரான் உருண்டை; துணிக்கண் வழியே நழுவிவிடும். அதைப் பிரிக்க மைய விலக்கு எந்திரத்தைச் சுழற்ற வேண்டும், அதற்குக் கரண்டு வேண்டும், அந்தக் கரண்டுக்கு மறுபடி நிலக்கரி. நுண்பாசி உற்பத்திச் செலவில் 20 முதல் 30 சதவீதம் அறுவடைக்கே போய்விடும் என்பது துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. எவ்வளவு வாயுவைத் தின்கிறது என்று எழுதுகிறவர்கள், தின்றதைத் தண்ணீரிலிருந்து எடுப்பது யார் என்று எழுதுவதில்லை.

ஒரு கிலோ காய்ந்த பாசி ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயுவைக் கட்டிவைத்திருக்கிறது. மாத்திரையாக்கி விழுங்கினால் அது மூச்சில் வெளியே வந்துவிடும். அதற்கு முன்பே வியாபாரி வந்து பொடியின் ஈரம், நிறம், வாடை என்று ஒவ்வொன்றுக்கும் விலையைக் கழிப்பார். அதே பொடி டவுனில் பளபளக்கும் டப்பாவில் ஏறியதும் எந்தக் குறையும் இருக்காது. நாளைக்குப் புகை தின்னும் பாசி வந்தாலும் கார்பன் கிரெடிட் ஆலை முதலாளி பேரில்தான் பதிவாகும். துணி பிழிந்த கைக்கு அதில் ஒரு பைசா எழுதமாட்டார்கள். அக்கா கூலி கூட்டிக் கேட்டால் மார்க்கெட் டல் என்கிறார்களாம். போன வருஷமும் டல்தானாம்.