டைமிங் என்றொரு சொல்

பழைய அம்பாசடர் ஒன்று மேம்பாலத்தில் ஏறத் திணறினால், பட்டறையில் முதலில் எழும் வாக்கியம் "டைமிங் போய்விட்டது" என்பதே. கொல்கத்தாப் பட்டறைகளில் வங்காளமும் இந்தியும் உருதுவும் போஜ்புரியும் கலந்து ஒலிக்கும். 'டைமிங்' என்ற சொல் மட்டும் எந்த மொழியிலும் மாறுவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே அதன் பொருளை எவரும் கேட்பதில்லை. உண்மையில் அது மூன்று வேறு கோளாறுகளுக்குப் பொதுப்பெயர். தீப்பொறி உரிய கணத்தில் எழாதது ஒன்று; வால்வுகள் உரிய கணத்தில் திறந்து மூடாதது ஒன்று; இவ்விரண்டையும் ஓட்டும் சங்கிலி தேய்ந்து தளர்ந்தது மற்றொன்று. முதலாவது அரைமணி வேலை. மூன்றாவதற்கு ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். சொன்னவர் ஒன்றை நினைக்க, கேட்டவர் வேறொன்றைக் கொள்ள, பழுதில்லாத எஞ்சின் இரும்புக் கடைக்குப் போவதும் உண்டு.

மல்லிக் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றுக்கு வந்து சேர்ந்த 1971ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடருக்கும் அப்படியொரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். வண்டி அவருடைய தந்தை வாங்கியது. முதலில் பார்த்த பட்டறை, "டைமிங் நிற்கவில்லை, எஞ்சினை மாற்றிவிடுங்கள்" என்றது. வேறு வண்டியாக இருந்திருந்தால் அது வெறும் பணக்கணக்கு. ஆனால் 2021இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த சொந்த வாகனங்களை 'விண்டேஜ்' என ஏற்று, 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப்பதிவு வழங்குகின்றன. சட்டகமோ உடற்கூடோ எஞ்சினோ பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை. அவர் விரும்பியது அந்தப் பதிவைத்தான். எஞ்சினை மாற்றினால் வண்டி ஓடும். ஆனால் அது அப்பாவின் வண்டி என்பதற்கான சான்று போய்விடும்.

அந்த எஞ்சினின் குலமரபு நன்கு அறியப்பட்டது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ், 1489 சிசி, நான்கு சிலிண்டர். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றிய அம்பாசடர், 2014இல் ஆலை நின்றுபோகும்வரை ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாராவில் உருவானது. எஞ்சினின் முகப்பில், தகரமூடிக்குப் பின்னே, இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. கீழே கிராங்க் ஷாஃப்டின் சிறிய சக்கரம். மேலே கேம் ஷாஃப்டின் பெரிய சக்கரம், பற்கள் சரியாக இரு மடங்கு. கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். ஒவ்வொரு சக்கரத்திலும் சிறு குழிவாக ஒரு புள்ளி. இரு புள்ளிகளும் ஒன்றையொன்று நோக்கி, இரு அச்சுகளின் மையங்களையும் இணைக்கும் கோட்டில் அமைந்தால் சங்கிலி சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

புள்ளி சொல்வது அவ்வளவுதான். சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. முதல் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது நான்காவதும் மேலேதான் நிற்கிறது. எது அழுத்த வீச்சில் இருக்கிறது, எது புகையை வெளியேற்றி முடித்திருக்கிறது என்பதையும் சொல்லாது. புள்ளியை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, எஞ்சின் ஏன் கார்புரேட்டர் வழியே தும்முகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சந்தில் அந்த வண்டியைப் பார்த்த முதிய மிஸ்திரி, ரேடியேட்டரின் பக்கமே போகவில்லை. (மிஸ்திரி என்ற வங்காளச் சொல்லும் தமிழின் மேஸ்திரியும் ஒரே போர்த்துக்கீசிய வேரிலிருந்து கிளைத்தவை, தமிழில் அது கட்டட வேலையோடு நின்றுகொண்டது, வங்கத்தில் மோட்டார் பட்டறைக்குள்ளும் வந்துவிட்டது.) "ஹேண்டில் இருக்கிறதா, தாதா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ராக்கர் மூடியைத் திறந்து, ஹேண்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்றினார். பார்வை முழுவதும் பின்கோடியிலுள்ள நான்காம் சிலிண்டரின் வால்வுகள் மேல். புகை வெளியேற்றும் வால்வு மூடிக்கொண்டிருக்க, காற்று வாங்கும் வால்வு திறக்கத் தொடங்கும் கணம் ஒன்று உண்டு. அப்போது இரு ராக்கர்களும் தராசுத் தட்டுகளைப் போல ஒன்று ஏற ஒன்று இறங்கும். இரண்டும் ஏறத்தாழச் சமமாகத் திறந்திருக்கும் நிலையில் முதல் சிலிண்டர் அழுத்த வீச்சின் உச்சியில் இருக்க வேண்டும். புல்லியின் வெட்டு, மூடியிலுள்ள சுட்டுமுள்ளுக்கு நேரே வர வேண்டும்.

வரவில்லை. வெட்டு முள்ளுக்கு நேரே நின்றபோது, புகை வால்வு இன்னும் போதிய அளவு மூடவில்லை. காற்று வால்வு அசைந்ததாகவே தெரியவில்லை. இரண்டும் சமநிலைக்கு வரப் புல்லி மேலும் ஏழெட்டுப் பாகை நகர வேண்டியிருந்தது. கேம் பிந்துகிறது.

பிந்துகிறது என்பதைவிட எவ்வளவு பிந்துகிறது என்பதே முக்கியமான கேள்வி. சிறிய சக்கரத்தில் 20 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறிப் பூட்டினால் பிழை 18 பாகை. பல் தவறினால் முழுப் பல்லாகத்தான் தவறும். பாதிப் பல் தவற வழியில்லை. ஏழெட்டுப் பாகைப் பிழைக்குத் தவறான பூட்டல் காரணமாக இருக்க முடியாது, அது தேய்மானம். 'செயின் நீண்டுவிட்டது' என்ற பட்டறை வழக்கும் ஓர் உருவகமே. இரும்பு நீளவில்லை, ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் துளையும் மயிரிழையளவு தேய்ந்து, அத்தனையும் கூடி நீளமாகின்றன.

அதை உறுதிசெய்ய இன்னொரு சோதனையும் நடந்தது. ஹேண்டில் முன்னோக்கி மட்டுமே கடிக்கும் என்பதால், வண்டியை டாப் கியரில் போட்டு முதலில் முன்னே தள்ளி, பிறகு மெல்லப் பின்னே தள்ளினார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார் மிஸ்திரி. புல்லி பின்னோக்கித் திரும்பத் தொடங்கியும் ரோட்டர் சற்று நேரம் அசையவில்லை. அந்த இடைவெளியில் பெரும்பகுதி சங்கிலியின் தளர்ச்சி.

முந்தைய பட்டறை எங்கே வழி தவறியது என்பது இங்கே விளங்கிவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் கேம் ஷாஃப்ட்தான். கேம் பிந்தினால் தீப்பொறியும் பிந்தும். அவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியை முன்னே கொண்டுவந்தார்கள்; ஆனால் வால்வுகள் பிந்தியபடியே இருந்தன. காற்று வால்வு காலந்தாழ்ந்து மூடினால், குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பவும் வெளியே தள்ளப்படும், இழுவை குறையும். அழுத்தமானியும் குறைத்தே காட்டும். அதைப் பிஸ்டன் வளையங்களின் தேய்மானம் என்று வாசிப்பது எளிது. சங்கிலி ஓசையிட்டுக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லை: டென்ஷனர் சங்கிலியின் தளர்ந்த பக்கத்தை அழுத்திப் பிடித்து ஓசையை அடக்கிவிடுகிறது. இழுபடும் பக்கம் நீண்டதை அதனால் குறைக்க முடியாது. ஓசை அடங்கிய எஞ்சினை நலமான எஞ்சினாகக் கொள்வது பட்டறைகளில் பரவலான மயக்கம்.

மறுநாள் ரேடியேட்டர் இறங்கியது, மூடி திறந்தது. புள்ளிகள் ஏறக்குறைய முகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. மேலே உள்ளது மட்டும் கோட்டிலிருந்து சற்றே பின்தங்கியிருந்தது. புள்ளியை மட்டும் பார்த்தவர் 'சரி' என்று மூடியிருப்பார். டென்ஷனரின் ரப்பர் முகத்தில் சங்கிலி பதித்த பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தன.

புதுச் சங்கிலி பூட்டும்போது, 'அலைன்மெண்ட்' என்ற சொல்லும் தன் பங்குக்கு இரட்டைப் பொருள் காட்டியது. தமிழில் சொன்னால் ஒன்று நேரம் பார்ப்பது, மற்றொன்று நேர் பார்ப்பது. புள்ளிகள் நேரத்துக்கானவை. இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்பது நேர். பெரிய சக்கரத்தின் பற்களின் பக்கவாட்டில் எஃகு அளவுகோலை ஒட்டிப் பிடித்து, சிறிய சக்கரத்துக்கும் கோலுக்கும் இடையிலுள்ள சந்தை ஃபீலர் கேஜால் அளந்து, சிறிய சக்கரத்தின் பின்னே மெல்லிய வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். பழைய சக்கரத்தைக் கழற்றுகையில் இந்த வாஷர்கள் எண்ணெய்ப் பிசுக்கில் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெய்த் தட்டில் தொலைந்துபோவதுண்டு. மிஸ்திரி அவற்றை முதலிலேயே எடுத்துத் துடைத்து, ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்.

இரு சக்கரங்களையும் சங்கிலிக்குள் வைத்து, புள்ளிகள் எதிரெதிராக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இரண்டையும் ஒருசேர அச்சுகளில் ஏற்றினார்கள். பிறகு கிராங்க்கை இருமுறை முழுதாகச் சுற்றினார்கள். புள்ளிகள் மீண்டும் கோட்டில் வந்து நின்றன. நான்காம் சிலிண்டரின் ராக்கர்கள் சமமாக நிற்கையில் புல்லியின் வெட்டு எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கு மூடி வேண்டும், அதிலுள்ள முள் வேண்டும். மூடியைத் தளர்வாகப் பொருத்தி, எண்ணெய் சீல் மையத்தில் அமரும்படி புல்லியைச் செருகிய பின்னரே திருகுகளை இறுக்கத் தொடங்கினார் மிஸ்திரி. உரிமையாளர் அதற்குள் ஹேண்டிலை எடுத்துவரப் போயிருந்தார்.