பழைய பெட்டியும் புதிய பெட்டியும்



தானே கட்டித் தானே இயக்கும் ரோபோ பொம்மை வேண்டும் என்று உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்டதுண்டா? அதன் விலையை விசாரித்துவிட்டு வாயடைத்துத் திரும்பியதுண்டா? அப்படியானால் இந்தப் பக்கங்களைச் சற்று நிதானமாக வாசியுங்கள். எங்கள் வீட்டில் அத்தகைய பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வந்தவை. ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது. இவற்றுள் எதை வாங்கலாம் என்று கடந்த சில மாதங்களில் மூன்று பெற்றோர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஆராதனை முடிந்து பேருந்துக்குக் காத்துநிற்கும் ஐந்து நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. ஆகவே எழுதுகிறேன்.

டென்மார்க் தேசத்தின் பில்லுண்ட் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டது லெகோ நிறுவனம். வண்ணத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வீடும் வண்டியும் கட்டும் பொம்மைகளுக்குப் பேர்பெற்ற இந்நிறுவனம், 1998-ஆம் ஆண்டில் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற ரோபோ வரிசையைத் தொடங்கியது. சீமோர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர் 1980-இல் வெளியிட்ட நூலொன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. கணினி பிள்ளைக்குக் கட்டளையிடுவதல்ல, பிள்ளை கணினிக்குக் கட்டளையிட்டுக் கற்பதே மேன்மை என்பது அவருடைய கொள்கை. முதற்பெட்டிக்குப் பிறகு 2006-இல் ‘என்எக்ஸ்டி’, 2013-இல் ‘ஈவி3’, 2020-இல் ‘ரோபோ இன்வென்டர்’ என்று அடுத்தடுத்து மூன்று தலைமுறைகள் வந்தன. எங்களிடம் இருப்பவை பின்வந்த இரண்டும்.

ஈவி3 எங்களுக்குக் கிடைத்தது 2017-இல். எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு குடும்பத்தார் மாற்றலாகி வேறு நகரத்திற்குப் போகும்போது, பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மகன் அப்போது ஆறாம் வகுப்பு. ரோபோ இன்வென்டரை, சிங்கப்பூரிலிருக்கும் என் தம்பி 2021-இல் என் மகளுக்கென்று அனுப்பினான். “அண்ணனுக்கு ஒன்று இருக்கிறதே, இவளுக்கும் ஒன்று வேண்டாமா?” என்றான். தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் ஏது!

இனி ஒப்பிடுவோம். ஈவி3 பெட்டியில் 601 துண்டுகள். பெரிய மோட்டார் இரண்டு, நடுத்தர மோட்டார் ஒன்று. தொடுவதை உணரும் சென்சார், நிறத்தை அறியும் சென்சார், எதிரில் பொருள் இருப்பதை அகச்சிவப்புக் கதிரால் அறியும் சென்சார் என மூன்று. இவற்றோடு கையில் பிடித்து இயக்க ஒரு ரிமோட்டும் உண்டு. புதிய பெட்டியில் 949 துண்டுகள். ஒரே அளவான மோட்டார்கள் நான்கு. நிறத்துக்கு ஒன்றும் தூரத்துக்கு ஒன்றுமாகச் சென்சார்கள் இரண்டு. அமெரிக்காவில் இவை வெளியானபோது பழையதற்கு ஏறக்குறைய 350 டாலர், புதியதற்கு ஏறக்குறைய 360 டாலர். பத்து டாலர் கூடுதலுக்கு 348 துண்டுகளும் ஒரு மோட்டாரும் அதிகம் என்று கணக்கிட்டால், புதியதே லாபம் என்று எவரும் சொல்லிவிடுவார். ஆனால் தொடு சென்சாரும் ரிமோட்டும் புதிய பெட்டியில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோபோவுக்கு மூளையாக இருப்பது ஒரு சிறு கணினிப்பெட்டி. பழையதன் மூளை கையில் கனக்கும். அதன்மேல் கறுப்பு வெள்ளைத் திரை ஒன்றும், அதன்கீழ் பொத்தான்களும் இருக்கின்றன. உள்ளே லினக்ஸ் ஓடுகிறது. அதனால் பொத்தானை அழுத்திய பின் அது விழித்தெழுவதற்குள் அடுப்பிலுள்ள பாலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். புதியதோ சில நொடிகளில் தயார். அதற்குத் திரை கிடையாது. வரிசைக்கு ஐந்தாக 25 சிறு விளக்குகள் மட்டுமே உண்டு. அவற்றைக் கொண்டே சிரிக்கும், கண் சிமிட்டும், எண்ணைக் காட்டும்.

ஓடும் திறமையில் புதியதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் கூடத்தில் வழவழப்பான தரைக்கற்கள். நேராக ஒரு மீட்டர் சென்று, அரைவட்டமாகத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும் என்பது பிள்ளைகள் வைத்த போட்டி. பழையது, சக்கரம் எத்தனை பாகை சுழன்றது என்பதை எண்ணியே தன் திருப்பத்தை அளக்கிறது. சக்கரம் தரையில் வழுக்கினாலும் அதன் கணக்கில் எல்லாம் சரிதான். ஆனால் வண்டியோ கோணலாக நிற்கும். புதியதன் மூளைக்குள்ளேயே திரும்புதலையும் சாய்தலையும் உணரும் கருவி இருக்கிறது. சக்கரம் வழுக்கினால், தான் போதுமான அளவு திரும்பவில்லை என்பதை அது அறிந்து மேலும் திரும்புகிறது.

மோட்டாரிலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பழைய மோட்டாரில், இயக்கத் தொடங்கும்போது அது எந்த நிலையில் நிற்கிறதோ அதுவே பூச்சியம். புதிய மோட்டாருக்கோ தன் பூச்சியம் எங்கே என்பது, நிறுத்தி மறுபடி இயக்கினாலும் தெரியும். கையைத் தூக்கி இறக்கும் ரோபோ ஒன்றைக் கட்டினால்தான் இதன் அருமை விளங்கும். பழையதில், ஒவ்வொரு முறையும் கையைக் கீழே சரியாக இறக்கி வைத்துவிட்டுத்தான் மகன் தொடங்குவான். புதியதில், “கையை நேராக்கு” என்று நிரலில், அதாவது புரோகிராமில், ஒரு வரி எழுதினால் போதும்.

தூரம் அறிவதிலும் அப்படியே. பழையது தூரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லாது. பூச்சியத்திலிருந்து நூறுவரை ஓர் எண்ணைச் சொல்லும். வெள்ளைச் சுவரையும் கறுப்புப் பெட்டியையும் ஒரே தூரத்தில் வைத்தாலும் அதற்கு அவை வேறு வேறு எண்கள். கறுப்பு கதிரை விழுங்கிவிடுகிறது. புதியது, காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கொண்டு அளப்பதால் சென்டிமீட்டரிலேயே சொல்கிறது. ஆனால் ஜன்னல் திரைச்சீலை போன்ற மென்மையானவற்றின் முன் அதுவும் தடுமாறும்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, “அப்படியானால் புதியதைத் தேடுவோம்” என்று நீங்கள் எழுந்துவிட வேண்டாம். எங்கள் வீட்டின் நிலைமையைச் சொல்கிறேன். உங்களில் பலருடைய வீட்டு நிலைமையும் அதுவாகவே இருக்கக்கூடும்.

புதிய பெட்டியில் செய்முறைப் புத்தகம் இல்லை. எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது, எப்படி இயக்குவது ஆகிய யாவும் கைபேசியிலோ கணினியிலோ இருக்கும் செயலிக்குள் இருந்தன. அந்நாட்களில் எங்கள் வீட்டில் அந்தச் செயலி ஓடக்கூடிய கைபேசி ஒன்றே ஒன்று. அது காலை ஆறு மணிக்கு என் கணவரோடு வேலைக்குப் போய்விடும், இரவு எட்டுக்குத்தான் திரும்பும். பாதி கட்டிய சார்லி (அந்தப் பெட்டியில் வரும் ஐந்து ரோபோக்களில் ஒருவன்) நாள் முழுதும் கையில்லாமல் மேசைமேல் நிற்பான். “அம்மா, சார்லியின் கை அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கிறது” என்பாள் மகள்.

அண்ணனுடைய பழைய ரோபோவோ யாரையும் எதிர்பாராது. அதன் திரையிலேயே பொத்தான்களை அழுத்தி, முன்னே போ, எதிரில் ஏதேனும் வந்தால் நில், ஒலியெழுப்பு, திரும்பு என்று பதினாறு கட்டளைகள் வரையில் கோத்துவிடலாம். கணினி வேண்டாம், கைபேசி வேண்டாம், இணையமும் வேண்டாம். மின்சாரம் நின்றுபோன ஒரு மழைநாளில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதற்குப் புதுக் கட்டளை கொடுத்துக் கொண்டிருந்தான். ஆறு பென்சில் பேட்டரிகள்தாம் அதற்கு ஆகாரம்; தெருமுனைக் கடையில் கிடைக்கும். அவை அடிக்கடி தீர்ந்துபோகும் என்பதையும், மாதச் செலவில் அது ஒரு கணக்காகவே ஏறியது என்பதையும் மறைக்க மாட்டேன். புதியதில் திரும்பத் திரும்ப மின்னேற்றும் பேட்டரி இருக்கிறது. அந்த அளவில் அது மிச்சம். ஆனால் அது அந்த மூளைக்கென்றே செய்யப்பட்ட பேட்டரி. தெருமுனைக் கடையில் கிடைக்காது.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழையதில் மோட்டார் தனி, கம்பி தனி. கம்பி பழுதானால் கம்பியை மட்டும் மாற்றினால் போதும். புதியதில் கம்பி மோட்டாரோடு சேர்ந்தே இருக்கிறது. பார்வைக்கு அழகு, கட்டுவதற்கும் இலகு. ஆனால் இழுத்து விளையாடும் சிறு குழந்தை வீட்டில் இருந்தால், கம்பி அறுந்தபின் மோட்டாரையே இழந்ததாகும்.

கைபேசி வீட்டில் இல்லாத பகற்பொழுதை என் மகள் வென்ற விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிய மூளை தனக்குள் இருபது நிரல்களை வைத்துக்கொள்ளும். பூச்சியம் முதல் பத்தொன்பது வரை எண்ணிட்டு, அதன் விளக்குகளில் எண்ணைப் பார்த்து வேண்டியதை இயக்கலாம். இதை அவளே கண்டுகொண்டாள். இரவில் அப்பா உணவருந்தும் அரைமணி நேரத்தில் வேகவேகமாக எழுதி எண்களில் ஏற்றி வைப்பாள். எந்த எண்ணில் எந்த வேலை என்பதற்கு ஒரு நோட்டுப்புத்தகம். “4: வாசல்வரை போய்த் திரும்பும். 5: அதுவே, மெதுவாக. 11: சரியில்லை, இன்றிரவு திருத்த வேண்டும்” என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பகலெல்லாம் ஓடவிட்டு, பிழையைக் குறித்து, அதன் காரணத்தையும் யோசித்து வைத்துக்கொண்டு, இரவு அரைமணி நேரத்துக்குக் காத்திருப்பாள். பொத்தானை அழுத்தி உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் வசதி அண்ணனுக்கு இருந்தது. காத்திருந்து யோசிக்கும் பழக்கமோ தங்கைக்குத்தான் வாய்த்தது. பேப்பர்ட் இருந்திருந்தால் (அவர் 2016-இல் காலமானார்) அந்த நோட்டுப்புத்தகத்தை ஆவலோடு புரட்டிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில், ரோபோ இன்வென்டரை அவ்வாண்டின் இறுதியோடு நிறுத்திக்கொள்வதாக லெகோ நிறுவனம் அறிவித்தது. செயலிக்கான ஆதரவு 2024-இன் இறுதிவரை என்றும் சொன்னது. 24 ஆண்டுகள் நடந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை அதோடு முடிந்தது. ஆதலால் இன்று நீங்கள் வாங்கினால், பழையதாயினும் புதியதாயினும், பிறர் பயன்படுத்தியதையோ கடையில் விற்காமல் தங்கியதையோதான் வாங்குவீர்கள். முந்தியதும் பிந்தியதும் இப்போது ஒரே வரிசையில் நிற்கின்றன.

செயலியின் ஆதரவு முடிந்தால் ரோபோவும் முடிந்ததோ என்று அஞ்ச வேண்டாம். ஆர்வலர்கள் உருவாக்கிய ‘பைபிரிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, புளூடூத் உள்ள கணினியிலிருந்து பைத்தான் மொழியில் அதை இயக்கலாம். பழையதற்கும் பைத்தான் உண்டு; சிறு நினைவக அட்டை ஒன்றில் அதை ஏற்றி மூளைக்குள் செருகினால் போதும். ஆயினும் இரண்டுக்கும் கணினி ஒன்று வேண்டும், அருகிலிருந்து சொல்லித்தர ஒருவரும் வேண்டும். பைத்தான் அறியாத பத்து வயதுப் பிள்ளை, வீட்டில் கணினி இல்லை, கைபேசி ஒன்றே என்றால், நான் பழையதையே சொல்வேன். கணினி இருந்து, பிள்ளையும் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தால், புதியதைத் துணிந்து வாங்கலாம். அதன் மோட்டார்களும் சென்சார்களும் அந்த வயதின் ஆர்வத்துக்கு ஈடுகொடுக்கும்.

வாங்குமுன் பழையதன் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். நெடுநாள் பேட்டரியோடு வைத்திருந்தால் உள்ளே கசிந்து பச்சை பூத்திருக்கும். நான்கு மோட்டார் வாயில்களிலும் நான்கு சென்சார் வாயில்களிலும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். புதியதில் பேட்டரி மின்னேறுகிறதா என்பதையும், மோட்டார்க் கம்பிகள் அடியில் விரிசல் விட்டிருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். துண்டுகளை எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம். இரண்டிரண்டு குறைந்தாலும் பிள்ளைகள் வேறு வழி கண்டுகொள்வார்கள்.

இரண்டும் வாய்த்த வீட்டாருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சட்டங்களும் பற்சக்கரங்களும் இரண்டு பெட்டிகளிலும் ஒரே அளவு. பழையதன் துளையில் புதியதன் முளை கச்சிதமாக இறங்கும. மின்கம்பியின் வாயோ வேறு வேறு. ஒன்றின் மோட்டார் மற்றதன் மூளையில் சேராது. கடந்த கோடை விடுமுறையில், கல்லூரி விடுதியிலிருந்து மகன் வந்திருந்தபோது, இந்த இரண்டையும் பேசவைப்பது எப்படி என்று அண்ணனும் தங்கையும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் வழி கிடைத்தது. பழைய ரோபோ தன் கையால் சிவப்புத் துண்டு ஒன்றை உயர்த்திக் காட்டுகிறது. புதியது தன் நிறச் சென்சாரால் அதைக் கண்டு, கூடத்தைக் கடந்துபோய் மறுசுவரருகே வைத்த உருண்டையைத் தள்ளிக்கொண்டு திரும்பிவந்து, பழையதன் தொடு சென்சாரை மூக்கால் முட்டுகிறது. முட்டியதை உணர்ந்ததும் பழையது சிவப்பை இறக்கிப் பச்சையைத் தூக்குகிறது. அன்று இரவு விளக்கை அணைக்கச் சொல்லி நான்கு முறை கூப்பிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை அம்மா என்று இரண்டு குரல்கள் சேர்ந்து வந்தன.