பந்துக்கு ஒரு வெந்நீர்க் குளியல்!

பௌலிங் என்றதும் கிரிக்கெட்டை நினைக்காதீர்கள். இது கனமான பந்தை உருட்டி, பத்து பின்களைச் சாய்க்கும் ஆட்டம். மலேசியாவில் பெரிய மால்களின் மாடியில் பார்க்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் அப்படி ஒரு மாலுக்குச் சித்தப்பா அழைத்துப் போனார். விளையாட அல்ல, முதல் போனஸில் வாங்கிய பந்தைக் காப்பாற்ற! "முன்ன மாதிரி வளைய மாட்டேங்குதுப்பா" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

ஓடுபாதை 60 அடி. அதில் சுமார் 40 அடிக்கு எண்ணெய் பூசுகிறார்கள். தொட்டுப் பார்த்து, திட்டும் வாங்கினேன். எண்ணெயில் வழுக்கிப் போகும் பந்து, அது முடிகிற இடத்தில் பிடிப்புக் கிடைத்து வளைய வேண்டும். 1990களில் பரவிய ரியாக்டிவ் ரெசின் பந்துகளின் மேற்பரப்பில் நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயைக் குடித்துக் குடித்து நிரம்பினால், பிடிப்பு போச்சு!

அங்கிருந்த பந்துக் கடை அண்ணன், விரல் துளைகளை டேப் ஒட்டி அடைத்தார். வாளியில் 55 டிகிரி வெந்நீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். 15 பவுண்டு பந்து அடியில் போய் உட்கார்ந்தது. 20 நிமிடத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம்! பந்தைத் துடைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடியும் குளியல். "கொதிக்கிற தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, விரிசல் விட்டுரும்" என்றார்.

ஆறியதும் சித்தப்பா உருட்டினார். கடைசி நேரத்தில் அழகாக வளைந்தது. ஒன்பது பின்கள் காலி, ஒன்று மட்டும் அசையவில்லை.

"அது என் தப்பு. பந்து மேல குறை சொல்லாத!"