அடிவயிறு கனக்குது டாக்டர்!

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. பெண்கள் சமாச்சாரம்தானே என்று ஆண்கள் நைசாக நழுவ வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் வேலை வைத்திருக்கிறேன் :)

மாற்றலாகி நாக்பூர் வந்து நாலு வருஷம் ஆகிறது. பேங்க்கில் இந்தி ஓடுகிறது, காய்கறிச் சந்தையில் மராத்திகூடக் கொஞ்சம் ஓடுகிறது. ஆனால் போன வருஷம் ஒரு நர்சிங் ஹோமில் லேடி டாக்டர் "தர்த் ஹை க்யா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. வலி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல் அடிவயிறு கனக்கும். கீழே ஏதோ இழுக்கும். பந்து மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். காலை நீட்டிப் படுத்தால் அரை மணியில் போய்விடும். நம்ம பாஷையில் என்றால் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த இந்தியில் பாதிதான் போய்ச் சேர்ந்தது.

ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் 'பல்கி யூட்ரஸ்' என்றும், 2 செ.மீ.யில் ஒரு ஃபைப்ராய்டு கட்டி என்றும் வந்தது. "45 வயசு, ரெண்டு குழந்தை பெத்தாச்சு. கர்ப்பப்பையை எடுத்துடலாம். இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு இருக்கு?" என்றார். மொத்தம் எட்டு நிமிஷம். பரிசோதனை மேஜையில் ஏறிப் படுக்கக்கூடச் சொல்லவில்லை. ரெண்டு லட்சம் லோனுக்கே நேரில் போய் இடத்தைப் பார்க்காமல் சாங்ஷன் பண்ணாதவள் நான். பார்க்காமலே என் உடம்பில் ஓர் உறுப்பை எடுக்கச் சொன்னால் எப்படி?

வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஓர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். அங்கே இருந்த வயதான டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு நாலே கேள்வி கேட்டார். எப்போது கனக்கிறது? எப்போது குறைகிறது? மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறதா? சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா? அப்புறம் மேஜையில் படுக்க வைத்து இருமச் சொன்னார், முக்கச் சொன்னார். "உங்க மூத்திரப்பை இறங்கியிருக்கு. அந்தச் சின்னக் கட்டிக்கும் இந்தக் கனத்துக்கும் சம்பந்தமில்லை" என்றார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். கனம் என்பது நோயின் பெயர் இல்லை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் கண்ணில் படுவது ஒரே ஒரு வித்தியாசத் தொகைதான், காரணம் பத்து இருக்கலாம். கனமும் அப்படித்தான். டாக்டர் சொன்னதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

நின்றால் கூடி, படுத்தால் குறைகிற கனம்: உறுப்பு இறக்கமாக இருக்கலாம். இடுப்புக்குழியின் அடியில் தூளி மாதிரி தசைகள் இருக்கின்றன. கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். சுகப்பிரசவங்கள் (முக்கியமாகப் பெரிய குழந்தை, ஆயுதம் போட்ட பிரசவம்), தீராத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், பாரம் தூக்குவது, மாதவிலக்கு நிற்பது எல்லாம் சேர்ந்து தூளியைத் தளர்த்திவிடும். இருமினால் சிறுநீர் கசிவதும், போன பிறகும் பாக்கி இருக்கிற மாதிரி தோன்றுவதும் இதன் கூட்டாளிகள். படுத்த நிலையில் எடுக்கும் சாதாரண ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம். கையால் பரிசோதித்தால்தான் பிடிபடும். ஸ்கேன் நார்மல் என்பதால் கனம் பொய்யாகிவிடாது.

இதே மாதிரி நின்றால் கூடும் இன்னொன்று உண்டு. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுபோல இடுப்புக்குழிக்குள் ரத்தக் குழாய்கள் வீங்கிக்கொள்வது. குழந்தை பெற்றவர்களுக்கு அதிகம். தாம்பத்தியத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் கனமும் வலியும் இருந்தால் இதையும் யோசிக்க வேண்டும். டாப்ளர் ஸ்கேன் உதவும்.

மாதவிலக்கை ஒட்டி வரும் கனம்: கர்ப்பப்பையின் உள்வரிச் சதை அதன் தசைச் சுவருக்குள்ளேயே வளர்வது அடினோமயோசிஸ். ரத்தப்போக்கும் வலியும் அதிகம் இருக்கும், கர்ப்பப்பை பருத்துப்போகும். அதே மாதிரி சதை வெளியே சினைப்பை, குடல் பக்கமெல்லாம் வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். இதுவும் ஸ்கேனில் தப்பிவிடலாம். என்னோடு வேலை பார்க்கும் தோழிக்கு ஏழு வருஷம் இந்தத் தொல்லை. ஹார்மோன் உள்ள லூப் வைத்த பிறகுதான் ஆபீஸுக்கு லீவு போடாமல் வருகிறாள்.

எப்போதும் அமுக்கிக்கொண்டே இருக்கும் கனம்: பெரிய ஃபைப்ராய்டு மூத்திரப்பையை அழுத்தினால் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அளவும் இடமும்தான் முக்கியம். சின்னக் கட்டிகள் எத்தனையோ பேருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கின்றன. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

இவை தவிர, கர்ப்பப்பைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. தீராத மலச்சிக்கல், குடல் எரிச்சல், மூத்திரப்பைக் கோளாறு, தளராமல் இறுகியே இருக்கும் இடுப்புத் தசைகள் என்று பல. காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்தால் தொற்று. நம் நாட்டில் கர்ப்பப்பைக் குழாய்க் காசநோயையும் மறக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்றுக் கனம். இவை பெரும்பாலான நாட்களில் வந்து சில வாரம் நீடித்தால் சினைப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் குடியிருப்பில் 58 வயது மாமி ஒருவர் ஆறு மாதம் ஓமத் தண்ணியிலேயே ஓட்டினார். கண்டுபிடித்தபோது புற்றுநோய் பரவியிருந்தது. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே போக வேண்டும்.

இத்தனை காரணம் இருக்க, 'எடுத்துடலாம்' என்ற ஒரே பதில் எப்படி வருகிறது? 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு சுமார் மூன்று பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திராவில் சுமார் ஒன்பது. மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தது. இதே மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களிடம் இது எவ்வளவு நடந்திருக்கிறது என்று விசாரிக்க 2019ல் அரசு ஒரு குழுவே போட்டது. தேவையில்லாத ஆபரேஷனைத் தடுக்க மத்திய அரசு 2022ல் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. அவற்றை மூன்று மாதத்தில் அமல்படுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

ஆபரேஷனே தப்பு என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு அதுதான் சரியான வழி. ஆனால் எனக்கு இறங்கியது மூத்திரப்பை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் கனம் அப்படியே இருந்திருக்கும். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே நாளில் மாதவிலக்கு நின்றவளாகிவிடுவோம், எலும்பு தேய்மானமும் சீக்கிரம் வரும்.

எனக்குக் கொடுத்த வைத்தியம் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் நாலு மாதம் இடுப்புத் தசைப் பயிற்சி. 1948ல் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிப் பிரபலமாக்கியது. சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து விட வேண்டும், தினம் மூன்று வேளை. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, ஆறு கிலோ எடை குறைப்பு. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முக்கால் பங்கு போய்விட்டது. வருஷக் கடைசிக் கணக்கு முடிப்பில் ராத்திரி ஒன்பது வரை உட்கார முடிந்தது. ஒரு எச்சரிக்கை: தசை இறுகியிருப்பவர்களுக்கு இதே பயிற்சி தொல்லையை அதிகமாக்கும். பரிசோதித்த பிறகே ஆரம்பியுங்கள்.

இப்போது ஆண்களுக்கு. எதிர் ஃபிளாட்டில் மகனோடு வந்து இருக்கும் 71 வயதுப் பாட்டிக்குப் பத்து வருஷமாகக் கர்ப்பப்பை வெளியே வந்துகொண்டிருந்தது. ஊரில் யாரிடமாவது சொல்லியிருப்பார். இங்கே டாக்டரிடம் போனால் மொழிபெயர்ப்பது பையன். பையனிடம் எந்த அம்மா இதைச் சொல்வாள்? "இடுப்பு வலி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளும் நானும் கூட்டிப்போனோம். சிலிக்கான் வளையம் ஒன்றை உள்ளே வைத்தார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை போய் எடுத்துக் கழுவி மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆபரேஷன் இல்லை. இப்போது பாட்டி தினம் கோயிலுக்கு நடந்து போகிறார்.

அதனால் உங்கள் அம்மாவோ மனைவியோ டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள், ஆனால் உள்ளே பேச ஒரு பெண்ணை அனுப்புங்கள். இந்தி பேசும் ஊர்களில் இருப்பவர்கள் மூன்றே வார்த்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். அடிவயிறு 'பேடூ'. கனம் 'பாரிபன்'. கர்ப்பப்பை 'பச்சேதானி'. ரெண்டு வாரம் எந்த நேரம் கனத்தது, எப்போது குறைந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். கத்தியை எடுக்கும் டாக்டரிடம் கேட்க வேண்டியதும் மூன்றுதான். காரணம் என்ன? ஆபரேஷன் இல்லாமல் என்ன வழி? மூன்று மாதம் பொறுத்தால் ஆபத்து உண்டா? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.